ஆம்புலன்ஸில் போகிறவர்கள் ஏன் ஆய்வில் சேர்கிறார்கள்

ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தீராத குறை உண்டு. நோயாளியை அவசரப் பிரிவின் வாசலில் ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட வேண்டும். தாங்கள் நெஞ்சை அழுத்திய மனிதர் பிழைத்தாரா, பிழைத்திருந்தால் தன் பெயரைச் சொல்லும் நிலையில் வீடு திரும்பினாரா என்பது பெரும்பாலும் அவர்கள் காதுக்கு வருவதில்லை. மருத்துவர் மறுநாள் காலை வார்டில் பார்க்கிறார், தாதி பார்க்கிறார். ஆம்புலன்ஸ்காரர் மட்டும் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பாதிக் கதை இன்னும் துண்டுபடுகிறது. 999-ஐ அழைத்தால் முதலில் எடுப்பவர் டெலிகாம் மலேசியாவின் ஊழியர். அழைப்பு அங்கிருந்து மருத்துவமனையின் ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். கிளம்பி வருவது அரசு மருத்துவமனையின் வண்டியாக இருக்கலாம், செம்பிறைச் சங்கத்தின் வண்டியாக இருக்கலாம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸாகவோ பொதுத் தற்காப்புப் படையின் வண்டியாகவோ இருக்கலாம். எந்த வட்டாரம், எந்த வண்டி அப்போது கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அரசு வண்டியில் வருபவர் மூன்றாண்டு டிப்ளோமா படித்த மருத்துவ உதவி அதிகாரி. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் ‘எம்.ஏ.’தான். 1977-இன் சட்டப்படி பதிவு பெற்றவர். சங்கங்களின் வண்டியில் தொண்டர்களும் வருவார்கள். ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பு இரண்டு மூன்று அமைப்புகளின் தாள்களில் சிதறிக் கிடக்கும். சேர்த்துப் படிக்க ஆள் இல்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மருத்துவ ஆய்வுகளில் ஏன் சேர்கிறார்கள் என்று பிரிட்டனில் நேர்காணல்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். தொழிலுக்கு மதிப்பு கூடும், கூடுதல் பயிற்சி கிடைக்கும், வருங்கால நோயாளிக்கு நன்மை என்ற பதில்கள் வருகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பதில்களுக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் செய்வது பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி அவர்களுக்கு இல்லை. மருத்துவருக்கு ஆய்வு என்பது பதவி உயர்வுக்கான படி. ஆம்புலன்ஸ்காரருக்கு அது தன் வேலையின் விளைவைக் கண்ணால் பார்க்கும் ஒரே சன்னல்.

இதைப் புரிந்துகொள்ள அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். இதயம் நின்றுபோனவருக்கு ஒரு மில்லிகிராம் அட்ரினலின், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. லண்டனிலும் கிள்ளானிலும் இதே விதிதான். 1960-களிலிருந்து இதைச் செய்துவருகிறோம். பலன் இருக்கிறதா என்று நெடுங்காலம் பெரிய அளவில் யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமென்றால் பாதிப் பேருக்கு மருந்து போகும், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் போகும். ஊசியைக் கையில் வைத்திருப்பவருக்கே எது போகிறது என்று தெரியாது. சாகக் கிடக்கிறவரிடம் இதைச் செய்ய எந்த மனசு வரும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் முயன்றார்கள். பல ஆம்புலன்ஸ் சேவைகளைச் சேர்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்துவதாகத் திட்டம். மருந்தைத் தராமல் விடுவதா என்ற எதிர்ப்பில் மற்ற சேவைகள் விலகிக்கொண்டன. 2011-இல் முடிவு வெளியானபோது கணக்கில் இருந்தவர்கள் 534 பேர். இதயம் மீண்டும் துடிக்க மருந்து உதவியது தெரிந்தது. உயிரோடு வீடு திரும்பியவர்கள் கூடினார்களா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை.

பிறகு பிரிட்டன் துணிந்தது. ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள், 2014 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை, 8,014 நோயாளிகள். ஒரே மாதிரி பெட்டிகள், உள்ளே ஒரே மாதிரி ஊசிகள், வெளியே எண் மட்டும். நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தும் பலிக்காதபோதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். இந்த ஆய்வில் சேர விரும்பாத பொதுமக்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கி அணிந்துகொள்ளக் கைவளையமும் வைத்திருந்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 3.2 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 2.4 சதவீதம். அதோடு முடிந்திருந்தால் மருந்து வென்றது என்று மாலை போட்டிருக்கலாம். ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், மறுபிரிவில் 17.8 சதவீதம். நல்ல நினைவோடு பிழைத்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இதயத்தை மீட்கும் மருந்து மனிதரை மீட்கவில்லை என்றால், அந்த ஊசியை இத்தனை வருடம் நம்பிக்கையோடு போட்டவரின் நிலை என்ன? இந்தச் செய்தி இனிப்பானதல்ல. ஆனாலும் ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திறந்தார்கள். விடை தெரியாமல் கையை ஓட்டிக்கொண்டிருப்பதைவிடக் கசப்பான விடை மேல் என்று நினைக்கிற தொழிலாளியைத்தான் நான் இதில் பார்க்கிறேன். அவரைத் தியாகி என்று புகழ்வது சுலபம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர், அவ்வளவே.

அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆங்கிலேய ஆய்வு இதைவிட விசித்திரமானது. இதயம் நின்றவருக்கு மூச்சுக்குழாயில் நேரே குழாய் இறக்குவதா, தொண்டையில் உட்கார்த்தும் எளிய கருவி போதுமா என்பது கேள்வி. அதில் சீட்டுக் குலுக்கப்பட்டது நோயாளிகளுக்கு அல்ல, ஊழியர்களுக்கு. 1,523 பேர் தாமாகப் பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்த முறையையே முதலில் கையாள்வதாக ஒப்புக்கொண்டார்கள். 9,296 நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். நல்ல நிலையில் பிழைத்தவர்கள் ஒரு பக்கம் 6.4 சதவீதம், மறுபக்கம் 6.8 சதவீதம். வித்தியாசம் இல்லை. குழாய் இறக்கும் திறமை ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பெருமை. பல வருடப் பழக்கத்தில் கைவந்தது. அந்தப் பெருமையைத் தராசில் வைக்க அவர்களே முன்வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த அறுவை நிபுணர் சங்கமாவது இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சேர மறுப்பவர்களின் காரணமும் அற்பமானதல்ல. முதல் காரணம் நேரம், இரண்டாவது சம்மதம். பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை தூக்க வரவில்லை, வாய் கோணிவிட்டது. மகன் கேட்கிறான்: “அண்ணே, அம்மாவுக்கு என்னாச்சு? பேச்சு வருமா?” அந்த நிமிடத்தில் எம்.ஏ. நான்கு பக்கத் தாளை எடுத்து, இது ஆய்வு, சேர்வது உங்கள் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தமிழில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டுமா? வாங்காவிட்டால் விதிமீறல். வாங்கிக்கொண்டிருந்தால் மூளைக்கு ரத்தம் போகாத நிமிடங்கள் ஓடுகின்றன. கையெழுத்துப் போடுகிற மகனும் புரிந்துதான் போடுகிறானா? “நீங்க எதைச் சொன்னாலும் சரிண்ணே, சீக்கிரம் தூக்குங்க” என்பான். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள நேர்மையான ஊழியருக்குக் கை கூசும்.

லாஸ் ஏஞ்சலஸில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு மக்னீசியம் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது, 2005-இல் தொடங்கியது. ஊழியர் தன் கைத்தொலைபேசியை நோயாளியிடமோ உறவினரிடமோ நீட்டுவார். மறுமுனையில் மருத்துவர் பேசிச் சம்மதம் கேட்பார். அதற்குள் ஊழியர் தன் வேலையைப் பார்ப்பார். 1,700 பேர் சேர்ந்தார்கள். நான்கில் மூன்று பங்கினருக்கு நோய் கண்ட முதல் மணி நேரத்துக்குள் மருந்து ஏறியது. மருந்து பலிக்கவில்லை. ஆனால் ஓடும் வண்டியிலும் முறையாக ஆய்வு நடத்தலாம் என்று நிரூபணம் ஆயிற்று. பேச்சே மூச்சே இல்லாத நோயாளியிடம் இதுவும் உதவாது. அங்கே சிகிச்சை முதலில், சம்மதம் பிறகு என்று பல நாடுகள் சட்டத்தில் இடம் விட்டிருக்கின்றன. அப்படி விட்ட இடத்தில் ஊழியரின் மனசாட்சிதான் காவல் நிற்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சம்மதம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் உலகின் முக்கியமான மருத்துவச் சோதனை ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. அதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

பெரிபெரி மலாயாவில் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. ஈயச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளிகள் கால் வீங்கி, நடை தள்ளாடி, இதயம் செயலிழந்து செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களை அது அதிகம் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். தமிழன் தின்பது இந்தியாவிலிருந்து வரும் புழுங்கலரிசி, சீனன் தின்பது தீட்டிய சயாம் அரிசி. நோய் சோற்றில் இருக்கிறது என்றார். யாரும் சுலபத்தில் நம்பவில்லை.

1905 டிசம்பர் 5 அன்று வில்லியம் பிளெட்சர் என்ற அரசு மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கமிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், வழக்கமான சயாம் அரிசி. இரட்டைப்படை மேற்கு வார்டுக்கு, வங்காளப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். ஓராண்டு முடிவில் சயாம் அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒரு சாவும் இல்லை. 1907-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

ஆய்வு முறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒற்றை இரட்டைக் கணக்கை இன்றும் மெச்சுகிறார்கள். மெச்சத்தக்கதுதான். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. செத்த 18 பேரிடம் யாரும் கேட்கவில்லை என்பது ஒன்று. தினமும் இரண்டு வேளை இரண்டு வார்டிலும் அரிசி மாறாமல் பரிமாறி, வீங்கிய காலை அழுத்திப் பார்த்துச் சொன்ன கைகள் யாருடையவை என்பது இன்னொன்று. கட்டுரையில் மருத்துவரின் பெயர் இருக்கிறது. அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.

தோட்டப்புறத்திலும் இதே கதைதான். 1901 முதல் கிள்ளானிலும் அப்போது புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து மலேரியாவை அடக்கிய மல்கம் வாட்சனை உலகம் அறியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னாவை எண்ணிக் கொடுத்து, ரிஜிஸ்டரில் காய்ச்சலும் சாவும் எழுதிய டிரெசரை அந்தத் தோட்டத்து ஆட்கள் மட்டும் அறிவார்கள். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் தமிழ்நாட்டுக்காரர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். லயத்துக்காரர்களுக்கு டிரெசர் ஐயாதான் டாக்டர். 1948-இல் குளோரம்பெனிக்கால் மருந்தைக் கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் உண்ணிக் காய்ச்சலுக்குச் சோதித்தபோது, அந்தக் காய்ச்சல் என்று நினைத்துச் சேர்த்த சிலருக்கு இருந்தது டைபாய்டு என்று தெரிந்தது, அவர்களும் குணமானார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து அப்படித்தான் கிடைத்தது. அங்கேயும் வார்டில் வேளை தவறாமல் காய்ச்சலை அளந்தவர்கள் சரித்திரத்தில் இல்லை. இன்றைய எம்.ஏ. அந்த டிரெசரின் நேர் வாரிசு. வாரிசுக்கும் அதே இடம்தானா என்பதே என் கேள்வி.

2010-இல் சிங்கப்பூரை மையமாகக் கொண்டு ஆசிய நாடுகள் சேர்ந்து மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. மலேசியாவும் அதில் உறுப்பினர். 2015-இல் ஏழு நாடுகளின் 66,780 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்திய விகிதம் ஓரிடத்தில் 10.5 சதவீதம், இன்னோரிடத்தில் 40.9. உயிரோடு வீடு திரும்பியவர்கள் 0.5 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதம் வரை. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. அழைப்பு வந்த மணி, வண்டி கிளம்பிய மணி, நோயாளியின் பக்கத்தில் கால் வைத்த மணி, முதல் மின்னதிர்ச்சியின் மணி என்று ஒவ்வொன்றையும் யாரோ குறித்திருக்க வேண்டும். வியர்த்த கையுறையின் மேலோ, தொடையில் ஒட்டிய பிளாஸ்திரியின் மேலோ பேனாவால் கிறுக்கி, வண்டி நின்ற பிறகு தாளில் ஏற்றுகிற வேலை அது. ஐந்தாம் மாடியிலிருந்து லிப்ட் இல்லாமல் ஒருவரை இறக்கிக்கொண்டு வரும்போது மணி பார்க்க யாருக்கு ஞாபகம் வரும்? வருகிறவர்களால்தான் பதிவேடு நிற்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மாரடைப்பு நோயாளிகளைச் சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் சேர்க்க ஒரு வலையமைப்பை அங்கே சோதித்தார்கள். கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்ஸாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்றார்கள். 108 ஆம்புலன்ஸ் அதன் முதுகெலும்பு. 2017-இல் வந்த முடிவில் 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இங்கே ஊழியர்கள் சேகரித்த தகவல் கணினியில் உறங்கவில்லை, அவர்கள் ஓட்டும் வண்டியின் பாதையையே மாற்றியது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் வராது.

மலேசியாவில் விதிகளுக்குக் குறைவில்லை. சுகாதார அமைச்சின் இடங்களில் நடக்கும் ஆய்வுகள் தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். மருந்துச் சோதனையில் ஈடுபடுகிறவர் நன்முறைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வேகமாகச் செய்யவும் தெரியும். 2021-இல் ஐவர்மெக்டின் வேண்டும் என்று நாடே சண்டை போட்டபோது, 20 மருத்துவமனைகளில் 490 கோவிட் நோயாளிகளிடம் ஐந்தே மாதத்தில் சோதித்துப் பலனில்லை என்று உலகத்துக்கே சொன்னார்கள்.

குறை இருப்பது ‘விருப்பம்’ என்ற இடத்தில். ஆய்வை நடத்துகிறவர் துறைத் தலைவர், படிவம் நிரப்புகிறவர் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் என்றால், அங்கே விருப்பத்துக்கும் உத்தரவுக்கும் நடுவில் கோடு மங்கிவிடுகிறது. ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் போடுகிறவரிடம் முடியாது என்று எந்த எம்.ஏ. சொல்வார்? உலகப் பொதுவான நன்முறை விதியே இதை முன்பே யோசித்திருக்கிறது. மருத்துவமனையின் கீழ்நிலை ஊழியர்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டால் அவர்களைப் பாதுகாப்புக்குரிய பிரிவினராகக் கருத வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கே சீட்டுக் குலுக்குகிற காலத்தில் இந்த வரியைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். உத்தரவுக்காக நிரப்பிய படிவம் எப்படி இருக்கும் என்று பதிவேடு பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லா நேரமும் ஐந்தின் மடங்கில் இருக்கும்.

எம்.ஏ.க்களிடம் கேள்வி இல்லாமலா இருக்கிறது? 2019-இன் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு விரதம் இருந்த பாட்டி சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறார். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, “ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்பா, காபி குடிக்கிறியா?” என்கிறார். அவரை விட்டுவரலாமா, கட்டாயம் ஏற்ற வேண்டுமா? விட்டுவந்தால் அன்றிரவு மறுபடி இறங்குமா, எந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இறங்கும்? இந்தக் கேள்வி கிள்ளான் தெங்கு கிலானா சாலையை ஒட்டிய வீடுகளிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேலை செய்கிறவருக்குத் தோன்றும், புத்ராஜெயாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. புது மருந்தும் தேவையில்லை, வெளிநாட்டுப் பணமும் தேவையில்லை. அழைப்புப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஒன்றுசேர்த்தால் பாதி விடை கிடைக்கும். மருந்துச் சோதனைக்கு மருத்துவர்தான் பொறுப்பேற்க வேண்டும், அதில் மறுபேச்சில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு எம்.ஏ. தலைமை தாங்கக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

ஆம்புலன்ஸ் ஆய்வுக்கு ஆள் சேரவில்லை என்று அலுத்துக்கொள்கிற துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தை அச்சடிப்பதற்கு முன் உங்கள் எம்.ஏ.க்களையும் தொண்டர்களையும் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் அதே வாரத்தில் முடிவை அவர்களுக்கும் சொல்லுங்கள். கேள்வி கேட்டவரின் பெயரைக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் போடுங்கள், நன்றியுரையில் அல்ல.